பைன் கட்டுற சல்லி யாருக்குப் போகுது?



போன கிழமை வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தர் நிர்வாகத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், பைன் கட்டுற சல்லி கடைசியில யாருக்குப் போகுது?" வகுப்பே சிரித்தது. ஆனால் பெரிய சட்ட அறிஞர்களைத் தூங்கவிடாத கேள்வி அது. மணியடித்துவிட்டதால் அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

1658 முதல் 1796 வரை நமது கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கம்பனியில் 'பிஸ்கல்' என்றொரு உத்தியோகத்தர் இருந்தார். குற்றத்தைப் பிடித்து வழக்குத் தொடுப்பது அவரது வேலை. தண்டப்பணத்தில் ஒரு பங்கு அவருக்கே. தண்டம் கூடினால் அவருடைய வருமானமும் கூடும். அப்படியானவரிடம் நியாயத்தை எப்படி எதிர்பார்ப்பது? நமது நீதிமன்றங்களில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது, வேலைதான் மாறிவிட்டது.

இதே பயம் நமது பிக்ஹு நூல்களிலும் உண்டு. பண அபராதம் கூடும் என்பது இமாம் அபூ யூசுப் (ரஹ்) அவர்களின் கருத்தாகப் பதிவாகியிருக்கிறது. பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. அந்தக் கருத்துக்குச் சொல்லப்பட்ட ஒரு விளக்கத்தை டமஸ்கஸ் அறிஞர் இப்னு ஆபிதீன் (ரஹ்) எடுத்தெழுதுகிறார். குற்றவாளியின் பணத்தைச் சிறிது காலம் தடுத்துவைத்து, அவர் திருந்தியதும் திருப்பிக் கொடுப்பதுதான் அது. ஆட்சியாளர் தனக்கோ பைத்துல்மாலுக்கோ எடுத்துக்கொள்வது அல்ல. இல்லாவிட்டால் மக்களின் சொத்தில் கைவைக்க அநியாயக்காரர்களுக்கு வழி திறந்துவிடும் என்பதே அவர்களின் கவலை.

இனி நம் வீதிக்கு வருவோம். பழைய ஒழுங்கு எல்லோருக்கும் தெரியும். பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தாளைத் தருவார்கள். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டோடு அதே பொலிஸ் நிலையத்துக்குப் போய் மீட்க வேண்டும். தவறினால் 28 நாள் வரை இரட்டிப்பு, அதற்குப் பிறகு வழக்கு. தண்டம் எழுதுபவரின் கையில் பணம் படக்கூடாது என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் கிழக்கிலிருந்து ஹயர் போன வேன்காரர் குருநாகலில் பிடிபட்டால், இரண்டாம் முறையும் குருநாகலுக்குப் போக வேண்டும். ஒருநாள் உழைப்பு போய்விடும். "இங்கேயே முடிச்சிக்குவோம்" என்ற பேச்சுக்கு வழி திறந்தது அந்த அலைச்சல்தான்.

2025 பெப்ரவரியில் அரசாங்கம் கவ்பே முறையைத் தொடங்கியது. ஏப்ரலில் குருநாகல் - அநுராதபுரம் வீதியில் தண்டப்பணத்துக்கு அதைப் பரீட்சித்துப் பார்த்து, பின்னர் வேறு பகுதிகளுக்கும் விரிவாக்கினார்கள். சாரதி வங்கிச் செயலியில் கட்டுகிறார், உத்தியோகத்தருக்குக் குறுஞ்செய்தி வருகிறது, அனுமதிப்பத்திரம் அந்த இடத்திலேயே திரும்பக் கிடைக்கிறது. பிஸ்கல் காலத்திலிருந்து வந்த நோய்க்கு இது நல்ல மருந்து. செயலி இல்லாத ஓட்டோக்காரருக்கும் வயதானவருக்கும் தபாலகக் கதவை மூடாமல் வைத்திருந்தால் போதும்.

ஆனால் கேள்வியில் பாதிக்குத்தான் இது விடை. பணம் யார் கையில் படவில்லை என்பது தெரிந்துவிட்டது. போய்ச் சேரும் இடம்? வேறு எதற்கும் சட்டத்தால் ஒதுக்கப்படாத அரச வருமானம் திரட்டு நிதிக்குப் போக வேண்டும் என்கிறது யாப்பின் 149ஆம் உறுப்புரை. நீதிமன்றம் விதிக்கும் தண்டமோ 1987இன் 13ஆவது திருத்தப்படி மாகாண வருமானம். அது உள்ளூராட்சி சபைகளுக்கும் வந்து சேர்கிறது. நமது தெருவிளக்குக்கும் வடிகானுக்கும் அதில் ஒரு துளி இருக்கலாம். அதை நாம் கேட்பதேயில்லை.

கட்டும் வேகம் கூடியதுபோல், கட்டிய பணத்தின் கணக்கை மக்கள் பார்க்கும் வேகமும் கூட வேண்டும். அமானிதம் என்பது அதுதான்.

எனவே பைன் கட்டினால் அந்தக் குறுஞ்செய்தியை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை பிரதேச சபையின் வரவு செலவுத் திட்டம் கையில் கிடைத்தால், 'நீதிமன்றத் தண்டம்' என்ற வரியைத் தேடிப்பாருங்கள். என் மாணவனுக்கு நாளைக்கு நான் கொடுக்கப்போகும் வீட்டுவேலையும் அதுதான்.