மணலுள் புதைந்த மோட்டார் வண்டி

பழம்பொருள்களைப் பேணுவோர் பல திறத்தினர். ஏட்டுச் சுவடிகளைத் தேடித் தொகுப்போர் உளர். நாணயங்களைத் துலக்கி வரிசைப்படுத்துவோர் உளர். அவர்களைப் போலவே பழைய மோட்டார் வண்டிகளைக் கண்டெடுத்து, உடைந்ததைக் கூட்டி, இல்லாததைச் செய்து சேர்த்து, மீண்டும் ஓடவைப்பதையே வாழ்நாள் இன்பமாகக் கொண்டோரும் இருக்கின்றனர். வெளியிலிருந்து பார்ப்பவர்க்கு இது செல்வர்களின் பொழுதுபோக்கு என்றே தோன்றும். ஆனால் இவ்வேலையில் முனைந்து இறங்கியவரை எதிர்கொள்ளும் வினாக்கள், செல்லரித்த ஏட்டைக் கையில் எடுத்த பதிப்பாசிரியரை எதிர்கொண்ட வினாக்களே. அழிந்த இடத்தை நிரப்பலாமா? புள்ளியிட்டு வெற்றிடமாக விட்டுவிட வேண்டுமா? நிரப்பிவிட்டால் பிறகு அது பழைய நூல்தானா?

இவ்வினாக்களை ஆராய்வதற்கு, வேல்ஸ் நாட்டுக் கடற்கரையில் 42 ஆண்டுகள் மணலுள் புதைந்து கிடந்து வெளிவந்த 'பாப்ஸ்' என்னும் பந்தயக் காரின் வரலாறு நல்ல சான்றாகும்.

அந்தக் காரின் முதற்பெயர் 'ஹையம் ஸ்பெஷல்'. இங்கிலாந்தில் கேன்டர்பரிக்கு அருகே ஹையம் மாளிகையில் வாழ்ந்த லூயி ஸ்பொரோவ்ஸ்கி பிரபு அதை 1920-களின் தொடக்கத்தில் செய்வித்தார். பெருஞ்செல்வராகிய அவர், விமான எஞ்சின்களை மோட்டார் வண்டிகளில் பொருத்தி ஓட்டுவதில் ஆறாத வேட்கை கொண்டவர். அவருடைய மற்றொரு காரின் பெயரைத்தான் இயான் பிளெமிங் என்ற எழுத்தாளர் 1964-ல் 'சிட்டி சிட்டி பாங் பாங்' என்று தம் சிறுவர் கதைக்கு இட்டார். ஹையம் ஸ்பெஷலுக்கு அவர் தேர்ந்த எஞ்சின் அமெரிக்காவின் 'லிபர்ட்டி'. முதல் உலகப் போரின்போது, 1917-ல், இரண்டு பொறியாளர்கள் வாஷிங்டனில் ஒரு விடுதியில் அமர்ந்து சில நாள்களுக்குள் வரைந்து முடித்த எஞ்சின் அது. பன்னிரண்டு சிலிண்டர்கள், மொத்தக் கொள்ளளவு 27 லிட்டர். அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு குடும்பக் காரின் முழு எஞ்சினைவிடப் பெரியது. அதன் ஆற்றலைத் தாங்க, போருக்கு முந்திய ஜெர்மன் பென்ஸ் பந்தயக் கார் ஒன்றன் கியர் பெட்டி கொணரப்பட்டது. அங்கிருந்து பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுசெல்ல, மிதிவண்டியில் உள்ளதைப் போன்ற, ஆனால் மிகப் பெரிய சங்கிலிகள் இருபுறமும் அமைந்தன.

அமெரிக்க எஞ்சின், ஜெர்மன் கியர் பெட்டி, ஆங்கிலேயர் கைவேலை. தொடக்கத்திலேயே அது ஒட்டுவேலைதான் என்பதை வாசகர் மனத்திற் கொள்ளவேண்டும்.

ஸ்பொரோவ்ஸ்கியின் தந்தையார் 1903-ல் பிரான்சில் மலையேற்றப் போட்டி ஒன்றில் கார் மோதி இறந்தவர். மகனும் 1924 அக்டோபரில் இத்தாலியில் மோன்சா பந்தயத்தில் உயிர் நீத்தார். அவர் விட்டுச்சென்ற ஹையம் ஸ்பெஷலை 125 பவுனுக்கு வாங்கியவர் ஜே. ஜி. பாரி தாமஸ் என்ற வேல்ஸ்காரர். லேலண்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளராக இருந்து, பின் அவ்வேலையைத் துறந்து, புரூக்லாண்ட்ஸ் பந்தயத் திடலுக்குள்ளேயே ஒரு வீட்டில் குடியிருந்து, காரே வாழ்வென வாழ்ந்தவர். அவர் எஞ்சினின் பிஸ்டன்களை மாற்றினார். உடற்கூட்டைக் காற்றைக் கிழிக்கும் வடிவில் திருத்தினார். 'பாப்ஸ்' எனப் பெயரிட்டார்.

அக்காலத்தில் நிலத்தில் மிக விரைந்து செல்லும் சாதனைக்காகப் பலர் போட்டியிட்டனர். அதற்கு வேண்டிய நீண்ட சமவெளி பிரிட்டனில் அரிது. தென்வேல்ஸில் கார்மார்தன்ஷயரைச் சேர்ந்த பெண்டைன் கடற்கரையில், கடல் வற்றியதும் ஏறக்குறைய ஏழு மைல் தூரம் இறுகிய மணல் விரிந்து கிடக்கும். அங்கே மால்கம் காம்பெல் 1925-ல் மணிக்கு 150 மைல் வேகத்தைக் கடந்தார். 1926 ஏப்ரல் 28-ல் பாரி தாமஸ் அதே மணலில் பாப்ஸை 171.02 மைல் வேகத்தில் ஓட்டினார். 125 பவுனுக்கு வாங்கிய பழைய கார் உலகச் சாதனையைக் கைப்பற்றியது. 1927 பிப்ரவரி 4-ல் காம்பெல் 174 மைலைக் கடந்து அதை முறியடித்தார். இழந்ததை மீட்க, மார்ச் 3-ஆம் நாள் பாரி தாமஸ் மறுபடியும் பெண்டைனில் பாப்ஸை ஓட்டினார். மிகு வேகத்தில் சென்ற கார் நிலைகுலைந்து புரண்டது. தலையில் பட்ட கொடுங்காயத்தால் அவர் அங்கேயே இறந்தார். நிலவேகச் சாதனை முயற்சியில் கார் ஓட்டும்போது உயிரிழந்த முதல்வர் அவரே. அதே மாதம் 29-ஆம் நாள் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் ஹென்றி சீகிரேவ் 203 மைலைக் கடந்துவிட்டார். பாரி தாமஸ் உயிரைக் கொடுத்து மீட்க முயன்ற அந்த எண், அவர் இறந்து நான்கு வாரத்திற்குள் பழங்கதையாகிப் போனது.

விசாரணை முடிந்தபின், அவர் உடல் புரூக்லாண்ட்ஸ் அருகே பைபிளீட் தேவாலய இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. காரைப் பெண்டைன் மணல்மேட்டிலேயே குழிதோண்டிப் புதைத்தனர். தலைவனைக் கொன்ற இயந்திரம் இனி எவர் கையிலும் ஓடலாகாது என்ற உணர்வு அதில் இருந்திருக்கவேண்டும். பிற்காலத்தில் அந்நிலம் இராணுவத்தின் வசமாயிற்று.

1969-ல் பாங்கர் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியின் பொறியியல் விரிவுரையாளர் ஓவன் வின் ஓவன் என்பவர், உரிய இசைவு பெற்று அந்தக் காரைத் தோண்டி எடுத்தார். இங்கே ஒன்று சொல்லவேண்டும். தோண்டியது முறையா என்னும் கேள்வி எளிதில் தள்ளிவிடத் தக்கதன்று. துயரத்தால் நெஞ்சம் உடைந்தவர்கள், இது கிடக்கட்டும் என்று மண்ணிட்டு மூடியதைப் பின்வந்த ஒருவர் ஆர்வத்தால் திறப்பது அவர்களின் கருத்துக்கு மாறானதே. அச்செயலுக்குத் தக்க விடை, அதன்பின் அவர் உழைத்த உழைப்பில்தான் கிடைக்கவேண்டும்.

அவ்வுழைப்பு ஏறக்குறைய 15 ஆண்டுகள் நீடித்தது. உப்பு மணலில் கிடந்த உலோகத்திற்கு என்ன நேரும் என்பதை அறிந்தால்தான் அதன் அருமை விளங்கும். இரும்பு துருவாகும், இது எல்லாரும் அறிந்தது. அதனினும் கொடியது, அலுமினியமும் எஃகும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புநீரில் கிடப்பது. மின்கலத்தில் நடப்பது போன்ற வேதிவினை நிகழ்ந்து, அலுமினியம் வெண்பொடியாக உதிரத் தொடங்கும். மெல்லிய தகடு முதலிற் போகும். எண்ணெய் தங்கிய உட்பகுதிகளும் தடித்த எஃகு உறுப்புகளும் ஓரளவு பிழைக்கும். பிழைத்தவற்றைப் பிரிப்பதே அடுத்த பாடு. இறுகிப் பிடித்த ஒரு திருகாணியைக் கழற்ற எண்ணெயில் ஊறவைத்து, சூடேற்றி, குளிரவிட்டு, மறுபடி சூடேற்றி நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். பொறுமை இழந்து ஒருமுறை வலிந்து திருகினால் ஆணி முறியும். அதனோடு, வேறெங்கும் கிடைக்காத உறுப்பும் வெடித்துப்போகும். அமெரிக்கர், ஜெர்மானியர், ஆங்கிலேயர் ஆகிய மூவரின் திருகாணி அளவுகளும் வெவ்வேறு என்பதால், இத்தகைய கலப்புக் காருக்கு ஒரே வகைக் கருவிகள் போதமாட்டா.

ஆயினும் ஒரு நன்மை இருந்தது. லிபர்ட்டி எஞ்சின் இருபதாயிரத்துக்கு மேல் செய்யப்பட்டது. அதைப் பற்றிய குறிப்புகளும் ஒத்த உறுப்புகளும் உலகில் முற்றும் அழிந்துவிடவில்லை. ஆனால் பாரி தாமஸ் தம் கையால் மாற்றியமைத்தவற்றுக்கு மறுபடி ஏது? பழைய நிழற்படங்களைப் பார்த்தும், எஞ்சிய துண்டை அளந்தும், அவர் எப்படி எண்ணியிருப்பார் என்று எண்ணியுமே செய்யவேண்டும். உடற்கூடு புதிதாகவே செய்யப்பட்டது. இவ்வேலையின் இன்பமும் துன்பமும் இங்கேதான் ஒன்றாக வந்து சேர்கின்றன. இறந்துபோன ஒரு பொறியாளரின் மனத்தை, அவர் துளையிட்ட இடத்தையும் மெலிதாக்கிய தகட்டையும் கொண்டு படித்தறிவது எந்த நூலும் தராத இன்பம். படித்தது சரிதானா என்று கேட்டறிய அவர் இல்லை என்பது தீராத துன்பம்.

தோண்டியதால் விளைந்த பயன் ஒன்றை மறுக்க முடியாது. அறுந்த சங்கிலி தாக்கியே பாரி தாமஸ் இறந்தார் என்று உலகம் நெடுங்காலம் நம்பியது. சங்கிலியை நம்பியது அவருடைய பிழை என்றும் இதனால் பழி ஏற்பட்டது. காரின் எச்சங்கள் வெளிப்பட்டபின், வலப்புறப் பின்சக்கரமே முதலில் முறிந்திருக்கவேண்டும், சங்கிலி அறுந்தது அதன் விளைவே என்னும் கருத்து வலுப்பெற்றது. கார் மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால் இது தெரியவந்திராது. அதே வேளையில், துருவைத் துடைத்து வளைந்ததை நிமிர்த்தும் ஒவ்வொரு செயலும் அத்தகைய சான்றை அழிக்கும் செயலே. ஆகையால் நல்ல கைவினைஞர் சுத்தியலை எடுக்குமுன் நிழற்படக் கருவியையும் குறிப்பேட்டையும் எடுப்பார். ஏட்டில் உள்ளதை உள்ளபடி பெயர்த்தெழுதிக்கொண்டு, பிறகே திருத்தம் செய்யும் பதிப்பாசிரியரின் ஒழுக்கம் இது. காரைப் பளபளப்பாக்குவதிலேயே கருத்தாய் இருப்போரிடம் இவ்வொழுக்கம் காணப்படுவதில்லை.

இதற்கு நேர்மாறான வழியை மேற்கொண்டவர்களும் உண்டு. 1925-ல் செய்யப்பட்ட புகாட்டி கார் ஒன்று, சுங்கவரி கட்டப்படாமையால் சுவிட்சர்லாந்தில் மஜோரே ஏரிக்குள் தள்ளப்பட்டது. எழுபது ஆண்டுகளுக்கு மேல் நீருள் கிடந்த அதை 2009-ல் வெளியே எடுத்தனர். 2010-ல் அது பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்கு விலைபோயிற்று. வாங்கிய அமெரிக்க அருங்காட்சியகம் அதைப் புதுப்பிக்கவில்லை. அரித்த தகடும் பாசியேறிய சக்கரமுமாக அப்படியே காட்சிக்கு வைத்தது. புள்ளியிட்டு விடுவது என்பது இதுவே. நீர் என்ன செய்தது என்பதை அந்தக் கார் மெய்யாகக் காட்டும். ஆனால் புகாட்டி எப்படி ஓடியது என்பதை ஒருநாளும் காட்டாது.

பெரும்பகுதி மாறிய கார் பழைய கார்தானா என்ற கேள்வி 1990-ல் லண்டன் உயர்நீதிமன்றத்திற்கே சென்றது. பிரான்சின் லெமான் பந்தயத்தில் 1929-லும் 1930-லும் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' என்னும் பென்ட்லி காரை ஒரு கோடிப் பவுனுக்கு வாங்க ஒப்பந்தம் செய்தவர்கள், வென்ற காரின் உறுப்புகள் இதில் மிகச் சிலவே உள்ளன என்று கூறிப் பின்வாங்கினர். நீதிபதி ஆட்டன், உறுப்புகள் மாறியது உண்மை என்று ஏற்றார். ஆயினும் விபத்தாலும் திருத்தத்தாலும் படிப்படியாக மாறி, இடையறாத வரலாற்றோடு வந்திருப்பதால் அந்தப் பெயருக்கு உரிய கார் இதுவே என்று தீர்ப்பளித்தார். கிரேக்கர் தீசியஸின் கப்பலை வைத்துக் கேட்ட பழங்கேள்விக்கு ஆங்கிலச் சட்டம் தந்த விடை இது.

பாப்ஸுக்கு இவ்விடை முழுதும் பொருந்தாது. அதன் வரலாறு 42 ஆண்டு மண்ணுக்குள் அறுந்து கிடந்தது. ஆனால் ஸ்பொரோவ்ஸ்கியின் காராகவும் அது மீட்கப்படவில்லை, வேறொரு கற்பனைக் காராகவும் செய்யப்படவில்லை. 1927 மார்ச் மாதத்தில் பாரி தாமஸ் ஓட்டிய வடிவமே குறிக்கோளாகக் கொள்ளப்பட்டது. புதிதாகச் செய்த உறுப்பும் அவர் கருத்தின்படியே செய்யப்பட்டது. பதினைந்து ஆண்டும் இந்த வரம்பை மீறாமல் நின்றதே, அந்தக் குழியைத் திறந்ததற்கு ஓவன் தந்த விடை எனலாம்.

எஞ்சின் மீண்டும் முழங்கியது. பெண்டைனில் வேகச் சாதனைகளுக்கென ஓர் அருங்காட்சியகம் 1996-ல் திறக்கப்பட்டது. அதன் இடத்தில் 2023-ல் புதிய கட்டடம் எழுந்தது. பாப்ஸ் ஓடிய மணலும், அது புதைந்து கிடந்த மேடும் அதே கரையில்தான் உள்ளன. பாரி தாமஸின் கல்லறை மட்டும் தொலைவில், சர்ரே மாவட்டத்துப் பைபிளீட்டில் இருக்கிறது.