நெப்டியூன் என்ற நாயும் ரெண்டாவது ஊசியும்

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தப்ப சித்தப்பாவைக் குளவி கொட்டிடுச்சு. சித்தி சுண்ணாம்பு தடவ, நான் அலர்ஜி மாத்திரையைத் தேட, மனுஷர் "போன வருஷமும்தான் கொட்டுச்சு, ஒண்ணும் ஆகலையேடா"ன்னு சிரிச்சார். பத்து நிமிஷம்கூட ஆகலை. உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், குரல் கம்மிப்போய் அப்படியே சரிஞ்சுட்டார். ஆட்டோவில் போட்டுக்கொண்டு பக்கத்து டவுனுக்கு ஓடினோம். டாக்டர் பார்த்த உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார். மூச்சு திரும்பின பிறகுதான் பேசினார்: "முதல் தடவை ஒண்ணும் ஆகலைங்கறதை நம்பக் கூடாதுங்க."

அந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு தேடப் போய் கிடைச்சதுதான் இந்தக் கதை.

1901. மோனாக்கோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் சார்லஸ் ரிஷே, பால் போர்ட்டியே என்று ரெண்டு பிரெஞ்சு விஞ்ஞானிகள். ஃபைசாலியா என்ற கடல் பிராணியின் (நம்ம சொறிமீனுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி) விஷத்தை ஆராய்ந்தார்கள். பாரிஸ் திரும்பினதும் ஃபைசாலியா கிடைக்கவில்லை, கடற்சாமந்தியின் விஷத்துக்கு மாறினார்கள். நாய்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும், தடுப்பூசி மாதிரி, என்பது கணக்கு.

நெப்டியூன் நல்ல திடகாத்திரமான நாய். முதல் ஊசிக்கு ஒன்றுமே ஆகவில்லை. 22 நாள் கழித்து அதே அளவு. சில நொடிகளில் மூச்சுத் திணறி, படுத்து, ரத்த வாந்தி எடுத்து, 25 நிமிஷத்தில் செத்துப் போச்சு. உடம்பு விஷத்துக்குப் பழகவில்லை. அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, தன்னைத்தானே தாக்கியிருக்கிறது! பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902-ல் 'அனாஃபிலாக்ஸிஸ்' என்று பெயர் வைத்தார்கள். 1913-ல் நோபல் பரிசு ரிஷேக்கு மட்டும். போர்ட்டியேக்கு இல்லை. (ரிஷே ஆவி ஆராய்ச்சியிலும் மும்முரமாக இருந்தவர். அது தனிப் பதிவுக்கான மேட்டர்.)

வேடிக்கை என்னன்னா, அந்தக் கப்பல் கிளம்பின அதே 1901-ல்தான் அட்ரினலினைப் படிகமாகப் பிரித்த செய்தியை ஜோகிச்சி தகாமினே வெளியிட்டார். சோதனைச்சாலையில் கையை அழுக்காக்கினது உதவியாளர் கெய்ஸோ உவேனகா. அவர் பெயரும் அவ்வளவாக வெளியே தெரியாது. ஆக நோயும் மருந்தும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் பிடிபட்டிருக்கின்றன.

அலர்ஜி மாத்திரை அரிப்பைத்தான் குறைக்கும். அடைபடும் தொண்டையையும் இறங்கும் ரத்த அழுத்தத்தையும் தூக்கி நிறுத்துவது அட்ரினலின்தான். தொடையின் வெளிப்பக்கத் தசையில், பெரியவர்களுக்கு 0.5 மில்லிகிராம் வரை. கேட்கலைன்னா 5 நிமிஷம் கழித்து இன்னொன்று. அதுவரை ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கி வைக்கணும். மூச்சு திணறினால் உட்கார்ந்திருக்கலாம், ஆனால் எழுப்பி நடக்க விடக் கூடாது. நாங்க சித்தப்பாவை ஆட்டோ வரைக்கும் நடத்தித்தான் கூட்டிட்டுப் போனோம். நினைச்சா இப்பவும் வயிறு கலங்குது.

சரியான பிறகும் ராத்திரி முழுக்க அங்கேயே வைத்திருந்தார்கள். சில மணி நேரம் கழித்துத் திரும்ப வரலாமாம். காலையில் சித்தப்பா கேட்ட முதல் கேள்வி: "அந்தக் கூட்டைக் கலைச்சீங்களா இல்லையாடா?"