ஊநீரும் வெள்ளணுவும்

விரலில் முள் தைத்தால் சில மணி நேரத்தில் அவ்விடம் சிவந்து வீங்குகிறது. சில நாட்களில் சீழும் கட்டலாம். சீழைக் கண்டு நாம் அருவருப்படைகிறோம். ஆனால் அது பெரும்பாலும் நமக்காகப் போரிட்டு மடிந்த வெள்ளணுக்களின் குவியலே. இவ்வுண்மைக்கு வழி திறந்ததும் ஒரு முள்ளே என்பது வியப்பிற்குரியது.

1882-ஆம் ஆண்டில் சிசிலித் தீவின் மெசினா நகரில் இலியா மெச்னிகாஃப் என்னும் ருஷ்ய விஞ்ஞானி தங்கியிருந்தார். குடும்பத்தார் சர்க்கஸ் பார்க்கச் சென்றிருந்த ஒரு நாள், அவர் தனியே மைக்ராஸ்கோப்பின் முன் அமர்ந்திருந்தார். கண்ணாடி போன்ற உடலையுடைய நட்சத்திரமீன் லார்வாக்களில் ரோஜா முட்களைச் செருகி வைத்தார். மறுநாள் காலை நோக்கியபொழுது, உடலுள் அலைந்து திரியும் அணுக்கள் முட்களைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். நம் இரத்தத்து வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்கி நம்மைக் காக்கின்றன என்று அவர் முடிவு கட்டினார்.

எல்லோரும் இதனை ஏற்றுக்கொள்ளவில்லை. 1890-இல் பெர்லின் நகரில் பேரிங், கிட்டசாட்டோ என்னும் இருவர் வேறொரு உண்மையை வெளியிட்டனர். உறைந்த இரத்தத்தினின்று பிரியும் தெளிந்த நீரே ஊநீர். நோயை எதிர்க்கும் வலிமை பெற்ற பிராணியின் ஊநீர், டிப்தீரியா நஞ்சையும் தனுர்வாத நஞ்சையும் முறித்துவிடும் என்பதே அவர்கள் கண்டது. அந்நீரில் அணு ஒன்றுமில்லை. அவ்வாறாயின் நம்மைக் காப்பது அணுவா, நீரா? விஞ்ஞானிகள் இரு கட்சிகளாகப் பிரிந்து வழக்காடினர்.

மெச்னிகாஃபின் ஆய்வுக்கூடத்திலேயே பணிபுரிந்த பெல்ஜிய நாட்டு ஜூல் போர்டே, ஊநீரில் இருவகைப் பொருள்கள் உள்ளன என்று 1895-இல் கண்டார். ஒன்று சூட்டைத் தாங்குவது. மற்றது சுமார் 56 டிகிரி செண்டிகிரேடு வெப்பத்தில் வலிமை இழப்பது. முன்னதை எதிர்ப்பொருள் என்றும், பின்னதைக் காம்ப்ளிமெண்ட் என்றும் இன்று வழங்குகிறோம்.

வழக்கைத் தீர்க்கும் சோதனை 1903-இல் லண்டனில் நிகழ்ந்தது. அதனைச் செய்தவர்கள் ஆம்ராத் ரைட்டும் ஸ்டூவர்ட் டக்ளஸும் ஆவர். கழுவிய வெள்ளணுக்களையும் கிருமிகளையும் ஊநீரையும் நுண்ணிய கண்ணாடிக் குழாயில் கலந்து, உடற்சூட்டில் வைத்து, ஒவ்வோர் அணுவும் எத்தனை கிருமிகளை விழுங்கியது என்று எண்ணினர். ஊநீர் இருந்தபொழுது அணுக்கள் நிரம்ப உண்டன. சூடாக்கிக் கெடுத்த ஊநீரைச் சேர்த்தபொழுது மிகச் சிலவற்றையே உண்டன.

ஊநீர் அணுவுக்குப் பசியை ஊட்டுகிறதா, அல்லது கிருமியைப் பக்குவப்படுத்துகிறதா? முதலில் கிருமிகளை நல்ல ஊநீரில் ஊறவைத்து, பின்னர் அவ்வூநீரைச் சூட்டால் செயலிழக்கச் செய்து பார்த்தனர். அப்பொழுதும் அணுக்கள் அக்கிருமிகளை விரும்பி உண்டன. ஆகவே மாறியது கிருமியேயன்றி அணுவன்று. உணவைச் சித்தம் செய்தல் என்னும் பொருளுடைய பழஞ்சொல்லைக் கொண்டு அப்பொருளுக்கு ஆப்சோனின் என்று பெயரிட்டனர். ரொட்டியோடு சேர்த்துண்ணும் தொடுகறிக்குக் கிரேக்கர் வழங்கிய சொல்லே அதன் வேர். உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்களே, வெள்ளணுவின் விருந்திலும் அதுவே நியதி.

அணுவும் நீரும் பகையல்ல, துணை என்பது தெளிவாயிற்று. அணுவின் பக்கம் நின்ற மெச்னிகாஃபும், நீரின் பக்கம் நின்ற பால் எர்லிக்கும் 1908-ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆயினும் ரைட் ஓரடி மிகையாக எடுத்து வைத்தார். நோயாளியின் ஊநீரையும் நலமுள்ளவரின் ஊநீரையும் ஒப்பிட்டு ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அதன்படி தடுப்பூசியிட்டு வந்த நோயையும் தீர்க்கலாம் என்று அவர் நம்பினார். எண்ணிக்கை கைக்குக் கை மாறுபட்டது; அச்சிகிச்சை நிலைக்கவில்லை. 1906-இல் பெர்னார்ட் ஷா தம் நாடகமொன்றில் இம்மோகத்தை நகையாடினார். சிகிச்சை மறைந்தது, கண்டுபிடிப்போ நிலைத்தது.

இன்று நாம் அறிவது இது. எதிர்ப்பொருள் கவட்டைக்கொம்பு போன்ற புரதம். இரு கைகளால் கிருமியைப் பற்றி, காம்பை வெள்ளணுவிடம் நீட்டுகிறது. காம்ப்ளிமெண்ட் தொகுதியின் மூன்றாம் புரதம், லிட்டருக்குச் சுமார் 1 கிராம் அளவில் இரத்தத்தில் உள்ளது. அது உடைந்து கிருமியின் மேற்பரப்பில் விலகாதபடி ஒட்டிக்கொள்கிறது. இவ்விரு அடையாளங்களையும் கண்டுகொள்ளும் ஏற்பிகள் வெள்ளணுவின் மேல் உள்ளன. அம்மூன்றாம் புரதமின்றிப் பிறக்கும் குழந்தைகளைக் கொடிய கிருமிநோய்கள் அடுத்தடுத்துத் தாக்குகின்றன. அவர்களிடம் வெள்ளணுக்கள் இல்லாமலில்லை. கிருமியைச் சுட்டிக்காட்டுவார்தாம் இல்லை.

நிமோனியாவை விளைக்கும் நிமோகாக்கஸ் என்னும் கிருமி, சர்க்கரைப் பொருளாலான வழுக்கும் உறையைப் போர்த்து வெள்ளணுவின் பிடிக்குத் தப்புகிறது. அவ்வுறையைப் பற்றும் எதிர்ப்பொருள்களை உடல் முன்கூட்டியே ஆக்கிக்கொள்ளச் செய்வதே அதற்கான தடுப்பூசி. 2017 முதல் இந்தியாவின் பொதுத் தடுப்பூசித் திட்டத்திலும் அது இடம்பெற்றது. தொட்டிற் குழந்தையின் தொடையில் இடப்படும் அவ்வூசிக்குப் பின்னால், லண்டனில் இருவர் பொறுமையோடு எண்ணிய கிருமிகளின் கணக்கும், மெசினாவின் ரோஜா முள்ளும் இருக்கின்றன.

மாணவ நண்பர்களே, அணுவே என்றவரும் மெய்யைத்தான் கண்டனர். நீரே என்றவரும் மெய்யைத்தான் கண்டனர். தாம் கண்டதே முழு மெய் என்று எண்ணியதுதான் பிழை. அப்பிழையைத் தீர்த்தது வாதமன்று. ஒரு சிறு கண்ணாடிக் குழாயும், சலியாமல் எண்ணிய கண்களுமே.