கரிசலுக்கு வர வேண்டிய ஆசிரியர்கள்: அரிவாள் செல் நோயும் வருகைப் பயிற்சியும்

அரிவாள் செல் இரத்தசோகை என்றதும் தமிழ்நாட்டில் நீலகிரிதான் நினைவுக்கு வரும். 1952இல் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் அங்குள்ள பழங்குடி மக்களிடம் இந்நோயின் மரபணுவைக் கண்டு எழுதினார்கள். அதே ஆண்டில் அசாமின் தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் இதே செய்தி வந்தது. அத்தோட்டத் தொழிலாளர்கள் பிழைப்புக்காகப் பெயர்ந்து போனவர்கள். இந்த இரண்டாவது செய்தியை நம் மருத்துவக் கல்வி போதிய அளவு பொருட்படுத்தவில்லை என்பது என் கருத்து.

கரிசல் மண்ணான கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி வட்டாரத்தில் இது பரம்பரையாக அறியப்பட்ட நோயல்ல. ஆனால் ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட் மாநிலங்களில் இம்மரபணு பரவலாக உண்டு. தமிழ்நாட்டின் ஆலைகளுக்கும் கட்டுமானப் பணிகளுக்கும் அங்கிருந்து இளைஞர்கள் வருகிறார்கள். உடலில் நீர் வற்றினால் இந்நோயாளியின் சிவப்பணுக்கள் விறைத்து வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். நிழலற்ற கரிசல் காட்டில் கோடை வெயிலில் வேலை செய்பவருக்கு இதைவிடப் பாதகமான சூழல் வேறென்ன? இரவில் கைகால் எலும்பெல்லாம் குடைகிறது என்று தமிழ் தெரியாத ஒருவர் வந்தால், வலி ஊசி போட்டு அனுப்பிவிடுவது எளிது. வெளிறிய முகத்தைப் பார்த்து இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பதும் எளிது. 120 நாள் வாழ வேண்டிய சிவப்பணு 10 முதல் 20 நாளில் சிதைவதால் வரும் சோகை இது. இரும்புச்சத்துக் குறைபாடும் சேர்ந்திருந்தாலொழிய அந்த மாத்திரையால் பயனில்லை.

இந்தத் தவறுகளைத் தவிர்க்கப் பயிற்சி வேண்டும். வெளிநாட்டு வல்லுநர்கள் தன்னார்வமாக வந்து கற்பிக்கும் மரபு இந்நோய்க்குப் புதிதல்ல. ஜமைக்காவில் பணியாற்றிய கிரஹாம் செர்ஜன்ட், ஒடிசாவின் புர்லா மருத்துவர்களுடன் சேர்ந்து 1986இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. இந்திய நோயாளிகள் பலரிடம் கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருப்பதும், மண்ணீரல் நெடுநாள் வீங்கியே இருப்பதும் அதில் தெரிந்தன. வந்தவரும் கற்றுக்கொண்ட வருகை அது. ஜமைக்காவிலோ, குழந்தையின் வயிற்றைத் தடவி மண்ணீரல் வீக்கத்தைக் கண்டுபிடிக்கத் தாய்மார்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். திடீர் வீக்கத்தால் நேர்ந்த குழந்தை இறப்புகள் குறைந்தன. மேடையில் படம் காட்டிவிட்டுப் போகும் விரிவுரைக்கும் இதற்கும் உள்ள தொலைவு பெரிது. இந்நோய்க்குத் தரும் ஹைட்ராக்சியூரியா மருந்தை எழுதிக்கொடுக்க ஒரு நாள் வகுப்பு போதும். அதைப் பாதுகாப்பாகத் தொடர, குறித்த இடைவெளியில் இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்கும் ஆள் உள்ளூரில் இருக்க வேண்டும்.

நீலகிரியின் கூடலூரில் அப்படிப்பட்ட ஆட்கள் இருக்கிறார்கள். 1990இல் தொடங்கிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் குடும்பத்துப் பெண்களே செவிலியராகப் பயிற்சி பெற்றார்கள். அமெரிக்காவிலிருந்து வந்த தன்னார்வலர்களும் நிபுணர்களும் அரிவாள் செல் பணிக்குத் துணைநின்றார்கள். அந்த ஒருங்கிணைந்த சிகிச்சை பற்றிய கட்டுரை 2014இல் குழந்தைகள் இரத்தநோய் இதழொன்றில் வந்தது. அந்தத் துணை வீணாகாததற்குக் காரணம், கற்றுக்கொண்டவர்கள் அங்கேயே வேலை பார்ப்பவர்கள் என்பதுதான்.

ஆகவே கோவில்பட்டிக்கு ஆசிரியர் பாஸ்டனிலிருந்து வர வேண்டியதில்லை. கூடலூர்ச் செவிலியர் வரட்டும். கரைதிறன் சோதனையை அவர் செய்து காட்டுவார்: கரைசலில் சில துளி இரத்தம், சில நிமிடம் கழித்துக் குழாயின் பின்னால் கோடு போட்ட தாளைப் பிடித்தால், கோடுகள் தெரிய வேண்டும். கலங்கி மறைந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் உண்டு. அது நோயா, மரபணு தாங்கும் நிலை மட்டுமா என்பதை இச்சோதனை சொல்லாது. மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்த ஊர், உடன்பிறந்தவர்களுக்கு இந்த வலி உண்டா, அரிவாள் செல் சோதனை அட்டை கையில் இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது என்பதையும் அவரால் சொல்லித்தர முடியும்.

எப்போதோ வரும் ஒரு நோயாளிக்காகப் பயிற்சியா என்று கேட்பார்கள். அரிதாக வருவதால்தான் தவறவிடுகிறோம். நுரையீரலில் அடைப்பும் தொற்றும் சேர்ந்தால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய அரிவாள் செல் ஒழிப்பு இயக்கம் 17 மாநிலங்களில் 7 கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வைத்தது. தமிழ்நாடும் அதில் உண்டு. அதன் கவனம் பழங்குடிப் பகுதிகளில் இருப்பது நியாயமே. ஆனால் அங்கே சோதிக்கப்பட்டு அட்டை பெற்றவர் வேலைக்கு வரும் ஊர்களில் அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். ஆண்டுக்கு ஒரு வாரம், அதே செவிலியர், கோவில்பட்டி மருத்துவமனைக்கும் சுற்றியுள்ள ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மீண்டும் மீண்டும் வர வேண்டும். அந்த வாரம் கூடலூரில் அவர் வேலையைப் பார்ப்பவரின் சம்பளத்தையும் பயணப்படியோடு சேர்த்தே அரசு ஒதுக்க வேண்டும்.