தாய்ப்பால் சுரப்பது எப்படி? வேலைக்குச் செல்லும் தாய்மார்கள் அறிய வேண்டியவை

கோலார் தங்கவயல்: தங்கச் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்ட பின்னர், சாம்பியன் ரீப்ஸ் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த பலர், ஏறத்தாழ 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருவுக்கு நாள்தோறும் ரயிலில் வேலைக்குச் சென்று வருகின்றனர். காலையில் புறப்பட்டு இரவில் வீடு திரும்பும் பெண், மகப்பேறு விடுப்பு முடிந்த பின்னரும் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்க இயலுமா? பால் சுரக்கும் முறையை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

மார்பக வளர்ச்சி

பருவமடையும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனின் தூண்டுதலால் மார்பகத்தில் பால் நாளங்கள் கிளைத்து வளர்கின்றன. கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன், புரோலாக்டின் ஆகியவற்றால் பால் சுரக்கும் நுண்ணறைகள் பெருகுகின்றன. மார்பகத்தின் அளவைப் பெரும்பாலும் கொழுப்பே தீர்மானிக்கிறது. எனவே, மார்பகம் சிறிதாக இருந்தால் பால் குறையும் என்பது தவறான கருத்து.

எடுக்க எடுக்கச் சுரக்கும்

பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரோன் அளவு சரிகிறது. அடுத்த 2 முதல் 4 நாட்களில் பால் பெருகுகிறது. அதற்கு முன் சிறிதளவே சுரக்கும் சீம்பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் நிறைந்துள்ளன. அதை வீணாக்கக் கூடாது.

குழந்தை சப்பும்போது புரோலாக்டின் பாலைச் சுரக்கச் செய்கிறது. ஆக்சிடோசின் அதை வெளியேற்றுகிறது. மார்பகத்தில் பால் தேங்கினால் சுரப்பு குறையும். அவ்வப்போது வெளியேறினால் தொடரும். தாயும் சேயும் பகலில் பிரிந்திருக்கும்போது பாலைப் பீய்ச்சி எடுப்பது அவசியமாவது இதனால்தான்.

நன்மைகள்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பாலைத் தொடங்கி, முதல் 6 மாதங்கள் அதை மட்டுமே கொடுத்து, பின்னர் இணை உணவுடன் 2 வயது வரையோ அதற்கு மேலோ தொடர வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. இந்தியாவில் 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 63.7 சதவீதத்தினருக்கே தாய்ப்பால் மட்டும் கொடுக்கப்பட்டது.

தாய்ப்பால் குழந்தையை வயிற்றுப்போக்கு, சுவாசத் தொற்று ஆகியவற்றிலிருந்து காக்கிறது. தாய்க்கு மார்பகப் புற்றுநோய், சினைப்பைப் புற்றுநோய் வாய்ப்பைக் குறைக்கிறது. 12 மாதங்கள் பாலூட்டினால் மார்பகப் புற்றுநோய் அபாயம் 4.3 சதவீதம் குறைவதாக 2002ஆம் ஆண்டு 'லான்செட்' ஆய்விதழில் வெளியான பகுப்பாய்வு தெரிவித்தது.

சட்டம் தரும் உரிமை

1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், முதல் இரு குழந்தைகளுக்கு ஊதியத்துடன் 26 வார விடுப்பு வழங்கியது. இதில் அதிகபட்சம் 8 வாரங்களைப் பிரசவத்துக்கு முன் எடுக்கலாம். அவ்வாறு முழுவதும் எடுப்பவருக்குப் பிரசவத்துக்குப் பின் 18 வாரங்களே எஞ்சும். அதாவது, குழந்தைக்கு 6 மாதம் நிறையும் முன்பே பணிக்குத் திரும்ப நேரிடும்.

பணிக்குத் திரும்பியவருக்குக் குழந்தை 15 மாதம் ஆகும் வரை நாள்தோறும் இரண்டு பாலூட்டும் இடைவேளைகள் உண்டு. 50 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்கள் உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். இவ்வுரிமைகள் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இடம்பெற்றுள்ளன.

செய்ய வேண்டியவை

குழந்தை உடன் இல்லாதபோது, 3 மணி நேரத்துக்கு ஒருமுறை கைகளைக் கழுவி, தூய்மையான மூடியுள்ள பாத்திரத்தில் பாலைப் பீய்ச்சி எடுக்கலாம். 25 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் 4 மணி நேரமும், குளிர்பதனப் பெட்டியில் 4 நாட்களும் அதைப் பாதுகாக்கலாம். ரயில் பயணத்தில் ஐஸ் பொதிகள் வைத்த வெப்பக்காப்புப் பையில் எடுத்துச் செல்வது நல்லது. வீட்டில் இருப்போர் பாலாடை அல்லது கிண்ணம் மூலம் குழந்தைக்கு அதைப் புகட்டலாம். இரவில் புரோலாக்டின் அதிகம் சுரப்பதால், வீடு திரும்பிய பின் நேரடியாகப் பாலூட்டுவது சுரப்பைக் காக்கும்.

மார்பகத்தில் கட்டி, சிவத்தல், காய்ச்சல் இருந்தாலோ, குழந்தையின் எடை கூடாவிட்டாலோ உடனே மருத்துவரை அணுக வேண்டும்.