எண்ணின் தனி மதிப்பும் கடனாளியின் கணக்கும்

பத்து காஜா இரயில் நிலையத்தினின்று வடக்கே சென்றால் ஈப்போ. தெற்கே சென்றால் கம்பார். நிலையத்தைச் சுழியம் எனக் கொண்டு, வடதிசையை மிகை என்றும் தென்திசையைக் குறை என்றும் குறித்தால், வடக்கே பத்துக் கிலோமீட்டர் +10 ஆகும். தெற்கே பத்துக் கிலோமீட்டர் −10 ஆகும். திசை வேறு, தொலைவு ஒன்றே. இவ்வாறு குறியை விடுத்து, சுழியத்தினின்று உள்ள தொலைவை மட்டும் கொள்வதைக் கணித நூலார் தனி மதிப்பு அல்லது மட்டு மதிப்பு என்பர்.

பெயர் பிற்காலத்தது, கருத்தோ பழைமையானது. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் இயற்றிய ‘பிராம்மஸ்புட சித்தாந்தம்’ மிகை எண்ணைத் ‘தனம்’ என்றும், குறை எண்ணை ‘ருணம்’ என்றும் வழங்குகிறது. தனம் என்பது செல்வம்; ருணம் என்பது கடன். இவ்விரண்டையும் கூட்ட வேண்டின் அவற்றின் வேறுபாட்டைக் காணவேண்டும். சமமாயின் சுழியம் என்பது அந்நூலின் விதி. கடன் 20, செல்வம் 15 எனின், இரு தொகைகளையும் குறியின்றி ஒப்பிட்டு, பெரியதினின்று சிறியதைக் கழித்தே கடன் 5 என முடிவு காண இயலும். ஆகவே, பெயர் பெறுமுன்னரே தனி மதிப்பு கணக்கிலே தொழிற்பட்டது எனலாம்.

ஐரோப்பாவில் 1757-இல் போஸ்கோவிச்சு என்னும் அறிஞர் பூமியின் வடிவத்தை ஆராய்ந்தபோது, அளவைகளில் நேர்ந்த பிழைகளைக் குறியின்றிக் கூட்டி, அத்தொகை மிகச் சிறிதாக அமையும் வழியைக் கூறினார். இதன் பயனை ரப்பர்ப் பால் நிறுப்போரும் உணர்வர். தராசு ஒருநாள் ஒரு கிலோ கூட்டியும் மறுநாள் ஒரு கிலோ குறைத்தும் காட்டினால், +1, −1 என்பவற்றின் கூட்டுத்தொகை சுழியம். தராசு பழுதற்றது போல் தோன்றும். தனி மதிப்புகளைக் கூட்டினால் பிழை இரண்டு கிலோ என்பது வெளிப்படும். எண்ணின் இருபுறமும் நேர்கோடிட்டு |−5| = 5 என எழுதும் முறையைச் செருமானிய அறிஞர் வயர்ஸ்ட்ராஸ் 1841-இல் கையாண்டார்.

ஆயினும், குறியை விடுக்கலாகாத இடமும் உண்டு. மலாயாத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த தமிழரின் கப்பற்செலவும் முன்பணமும் அவர்தம் பெயரிலேயே கடனாக எழுதப்பெற்றன. ஒரே 20 வெள்ளி, கொடுத்தவர் ஏட்டில் வரவேண்டியது, தொழிலாளிக்கோ தீர்க்கவேண்டியது. தனி மதிப்பு சமம், வாழ்வு சமமன்று. ஒருவர் வட்டி எண்ண, மற்றவர் கடன் தீரும் நாளை எண்ணினார். 1907-இல் ஏற்பட்ட தமிழர் குடியேற்ற நிதி, முதலாளிகளிடம் தண்டிய தொகையைக் கொண்டு கப்பற்செலவை ஏற்றது. 1910-இல் ஒப்பந்தக் கூலிமுறை நீக்கப்பெற்றது. 1938-இல் இந்திய அரசின் தடையால் கங்காணி வழி ஆள்சேர்ப்பும் நின்றது. இம்மாற்றங்கள் யாவும் தொகையை மட்டும் பற்றியவை அல்ல. அத்தொகை யார்மேல் சுமத்தப்படுவது என்பதையும் பற்றியவை.

‘குறைக்குறியை அழித்துவிடுக’ என்று மட்டும் கற்கும் மாணவர், x ஒரு குறை எண்ணாயின் |x| = −x என்பதைக் கண்டதும் திகைப்பர். சுழியத்தினின்று உள்ள தொலைவு எனக் கற்றவர் திகையார். எவ்வளவு என்ற வினாவிற்குத் தனி மதிப்பு விடை கூறும். யாருக்கு என்ற வினாவிற்குக் குறியே விடை கூறும். இரண்டையும் கேட்கப் பழகுவதே கணக்கறிவு.