ஆவாரம்பட்டை முதல் குரோமியம் வரை: பாலாற்றங்கரைத் தோல் தொழிலின் வரலாறு

தோல் பதனிடுதலைத் தீட்டுத் தொழில் என்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், அத்தொழிலின் கழிவு எந்த ஆற்றையும் அழித்துவிடவில்லை. அதே தொழில் அந்நியச் செலாவணி ஈட்டித் தரும் மதிப்புமிக்க தொழிலென உயர்ந்த பிறகுதான் பாலாற்றுப் படுகை பாழாயிற்று. இந்த முரண்பாட்டின் வரலாற்றை நம் இளைஞர்கள் அறிந்துகொள்வது இன்றியமையாதது.

உரித்த தோல் விரைவில் அழுகும் தன்மையது. அதனை அழுகாது நிலைநிறுத்துவதே பதனிடுதல் எனப்படும். நம் முன்னோர் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, சதை வழித்து, ஆவாரம்பட்டை ஊறிய நீரில் வாரக்கணக்கில் மாற்றி மாற்றி இட்டு, கடுக்காய்ச் சாற்றில் முடிப்பார்கள். பட்டையிலுள்ள துவர்ப்பொருள் தோலின் புரத இழைகளோடு பிணைந்து அவற்றை அழுகாமற் காக்கிறது. ஏட்டிலே எழுதப்படாத வேதியியல் இது. இவ்வாறு பதப்பட்ட சென்னைத் தோல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கப்பலேறி இங்கிலாந்து சென்று புகழ் பெற்றது. தோலுக்குக் கிடைத்த அந்தப் புகழ், அதைப் பதனிட்ட கைகளுக்குக் கிடைக்கவில்லை.

பட்டைமுறை முற்றிலும் தூயது என்று இன்று சிலர் பாராட்டுகின்றனர். அது முழு உண்மையன்று. துவர்நீர் கருநிறமானது, நீர்நிலையில் கலந்தால் நீரிலுள்ள உயிர்வளியை உறிஞ்சிவிடும். ஆயினும் அது காலப்போக்கில் மட்கும் பொருள். அன்றைய தொழிலின் அளவும் சிறிது.

குரோமிய உப்பினால் பதனிடும் முறைக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷூல்ட்ஸ் என்பவர் 1884இல் காப்புரிமை பெற்றார். 1893இல் மார்ட்டின் டென்னிஸ் அதனை எளிதாக்கினார். வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளில் முடிந்தது; தோலும் மென்மையாய், வெப்பம் தாங்குவதாய் அமைந்தது. சென்னை மாகாணத்தில் இம்முறையை அரசின் சார்பில் சோதித்துப் பார்த்தவர் ஆல்பிரட் சாட்டர்டன். 1903 வாக்கில் தொடங்கிய அச்சோதனையின் நோக்கம் சீமைச் செருப்பன்று. உழவர் கிணற்றில் நீரிறைக்கும் கவலைச் சால் நெடுநாள் உழைக்க வேண்டும் என்பதே! சென்னையை அடுத்த குரோம்பேட்டை தன் பெயரைப் பெற்றதும் அங்கிருந்த குரோம் தோல் ஆலையினால்தான்.

எனினும் ஆவாரம்பட்டை உடனே மறைந்துவிடவில்லை. பெரிய மாற்றம் 1970களில் நேர்ந்தது. அரைகுறையாகப் பதனிட்ட தோலை விற்பதைவிட முழுமையாக்கிய தோலை விற்றால் நாட்டுக்கு வருவாய் மிகும் என்று சீதாராமையா குழு பரிந்துரைத்ததன்பேரில், 1973இல் மைய அரசு அரைகுறைத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் குரோம் முறை பெருகியது. பொருளாதார நோக்கில் முடிவு சரியானதே. ஆனால் பெருகப்போகும் கழிவு எங்கே போகும் என்ற கேள்விக்கு அன்று விடை தேடப்படவில்லை.

கழிவில் என்னென்ன உண்டு? தோலைக் கெடாது வைக்கச் சேர்த்த கறியுப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும், பின்னர்க் கந்தக அமிலம், இறுதியாகக் குரோமியம். இட்ட குரோமியத்தில் பத்தில் ஆறேழு பங்கையே தோல் ஏற்கும். எஞ்சியது நீரோடு வெளியேறும். குரோமியத்தைப் பற்றியே நாம் மிகுதியும் பேசுகிறோம். கழனியை மலடாக்கியதில் பெரும்பங்கு உப்பினுடையது. பாலாறோ ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறு. கழுவிச் செல்ல வெள்ளமின்மையால் கழிவுநீர் மணலுள் இறங்கிக் கிணறுகளை அடைந்தது.

வேலூர்க் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் 28.8.1996 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதையும், திண்டுக்கல் வட்டாரத்தில் 13 ஊர்களில் ஆய்ந்த 467 கிணறுகளில் 350 கெட்டிருந்ததையும் தீர்ப்பு எடுத்துரைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி இந்நாட்டுச் சட்டத்தில் வேரூன்ற இத்தீர்ப்பு பெரிதும் உதவியது. அன்று அம்மாவட்டத்தின் பெயர் வட ஆர்க்காடு அம்பேத்கர் மாவட்டம் என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. 1948இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் பலவற்றை ஆய்ந்துள்ளது. ஒட்டியிருக்கும் உப்பை நீரில் கரையவிடாமல் உதறி எடுக்கலாம். தோலைக் குளிரூட்டி வைத்தால் உப்பே குறையும். சல்பைடுக்கு மாற்றாக நொதிகள் மயிரை நீக்கும். கழிவிலுள்ள குரோமியத்தை மக்னீசியம் ஆக்சைடால் வீழ்படிவாக்கி, கந்தக அமிலத்தில் கரைத்து மீண்டும் பயன்படுத்தலாம். இம்முறை ஆலைக்கும் ஆதாயமே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களின் நுண்ணுயிர்கள் அழுகும் பொருளைத் தின்னும், உப்பைத் தின்னா. ஆதலால் நீரைச் சவ்வுகளில் வடித்து, எஞ்சியதைக் கொதிக்கவைத்து உப்பைப் பிரிக்கின்றனர். அவ்வாறு பிரித்த கலப்பு உப்பு விற்க இயலாமற் குவிகிறது. கழிவு பிறந்த பின் துடைப்பதைவிட, பிறவாமலே தடுப்பதுதான் நல்லது என்பது என் துணிபு.

குழியில் இறங்கியவர் யார் என்பதையும் வரலாறு பதிவு செய்ய வேண்டும். சுண்ணாம்புத் தொட்டியிலும் கழிவுக் குழியிலும் வேலை செய்வோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட மக்களே. சல்பைடு நீரும் அமில நீரும் ஒரே தொட்டியிற் கலந்தால் ஐதரசன் சல்பைடு என்னும் நச்சுவாயு எழும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வீசும். செறிவு மிகுந்தால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாது போகும். நாற்றம் நின்றதென நம்பி இறங்குபவர் மீள்வதில்லை. இவ்வேதியியலைக் குழியில் இறங்குவோர்க்குச் சொல்லிக் கொடுத்த ஆலைகள் சிலவே. இவ்வாறன்றி, கழிவே பெருக்கெடுத்து உயிர் குடித்ததும் உண்டு. 31.1.2015 அன்று இராணிப்பேட்டையில் கழிவுச் சேற்றுத் தொட்டியின் சுவர் இடிந்து சேறு பாய்ந்ததில் 10 பேர் மாண்டனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

30.1.2025 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் பாலாற்றைப் பற்றித் தீர்ப்புரைத்தது. பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு முன்பே விதிக்கப்பட்ட இழப்பீட்டை 6 வாரங்களுக்குள் அரசு வழங்கி, பின்னர் ஆலைகளிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும் என்றது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையில் 28 ஆண்டுகள் கழிந்திருந்தன.